சும்மாடு கட்டிய சைக்கிள்

தை 4, இரவு. கடலூர் முதுநகர்

கடைசி போல்ட்டை இன்று இரவு எட்டரை மணிக்கு முடுக்கினேன். ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் ஆரம்பித்த வேலை இது. ஒரு காயலான் கடை வாசலில், பழைய பம்புசெட் சாமான்களுக்கு நடுவே, சக்கரம் இல்லாத ஒரு ஸ்டீல் பிரேம் நனைந்துகொண்டிருந்தது. 1,400 ரூபாய் சொன்னார், 1,100க்குக் கொடுத்தார். உரிந்துபோன ஸ்டிக்கரில் ‘குரோமோலி’ (ஒருவகைக் கலப்பு எஃகு) என்ற எழுத்து பாதி தெரிந்தது. முன்சக்கரத்தைப் பிடிக்கிற போர்க்கிலும் பின்பக்கக் குழாய்களிலும் பிரேக் மாட்டுகிற குமிழ்கள் இருந்தன. டயர் ஓடும் சந்தில் என் கட்டைவிரல் தாராளமாகப் போய்வந்தது. அந்தச் சந்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

சைக்ளோகிராஸ் சைக்கிள் என்றால் என்ன என்று இந்த மூன்று மாதத்தில் தெருவில் கேட்காத ஆள் இல்லை. ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார் இருக்கும், ஆனால் டயரில் பட்டன் பட்டனாகக் கொட்டை இருக்கும். சேறு அடைத்துக்கொள்ளாமலிருக்க டயரைச் சுற்றி இடம் விட்டிருப்பார்கள். ஓட்ட முடியாத இடம் வந்தால் இறங்கி, தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சொன்னதும் கேட்டவர்கள் முகம் மாறும். “தூக்கிட்டுப் போறதுக்கு எதுக்கு சைக்கிள்?” என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி.

பிரான்சில் சாலைப் பந்தயக்காரர்கள் குளிர்காலத்தில் உடம்பு விட்டுப்போகக் கூடாது என்று வயல், வாய்க்கால், வேலி தாண்டி ஓட்டிப் பழகியதிலிருந்து வந்த விளையாட்டு இது. அங்கே முதல் தேசியப் போட்டி 1902இல் நடந்தது. டானியல் கூசோ என்பவர் நடத்தினார். 1910இல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்த ஆக்தாவ் லாபீஸ், அந்த வெற்றிக்கு இந்தக் குளிர்காலப் பழக்கமும் ஒரு காரணம் என்று சொன்னார். அதன் பிறகுதான் வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1950இல் பாரிஸில் முதல் உலகப் போட்டி நடந்தது. இப்போது இதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் பெல்ஜியத்துக்காரர்கள். பாதையில் 40 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகை நிறுத்தியிருப்பார்கள், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. வேகத்தோடு வந்து, இறங்கி, சைக்கிளோடு தாண்டி, ஓடிக்கொண்டே மறுபடி ஏற வேண்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் பெடல் அச்சு ஓடுகிற பி.பி. கப் இரண்டையும் கழற்ற உட்கார்ந்தேன். கடலூர் உப்புக்காற்றில் பல வருஷம் கிடந்த இரும்பு எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். இடது கப், மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி வைத்ததும் வந்துவிட்டது. வலது அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்றுகூடப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிரேமைத் தூக்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது அரை மணி வாடகைக்கு சைக்கிள் எடுத்த அதே கடை. பாய்க்கு இப்போது 67 வயது.

“எந்தப் பக்கம் திருகினே தம்பி?”

“கழட்டுற பக்கம்தான் பாய்.”

“அதான் முடுக்குற பக்கம். செயின் பக்கத்துக் கப்புக்கு எதிர் மரை. இவ்வளவு நேரமும் நல்லா இறுக்கிவிட்டிருக்கே.”

மிதிக்க மிதிக்கக் கப் தானாகக் கழன்றுவரக் கூடாது என்பதற்காக வலது பக்கம் மரையைத் திருப்பி வெட்டியிருப்பார்கள். படித்திருக்கிறேன். கை மறந்துவிட்டது. பாய் ஒரு பெரிய வைஸில் கப்பைப் பிடித்து, ஸ்பேனரை விட்டுவிட்டு பிரேமையே சுற்றினார். ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் சாயங்காலமெல்லாம் அந்தக் கடையில்தான். சக்கரம் கட்ட அங்கேதான் கற்றேன். ஒரு ரிம்முக்கு 32 போக்ஸ் கம்பி. ஒவ்வொரு கம்பியும் ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போவதற்குள் மற்ற மூன்று கம்பிகளைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். மூன்றாவதைத் தாண்டும்போது மேலே போகாமல் அடியில் புகுந்து போக வேண்டும். முதல் சக்கரத்தை மூன்று முறை அவிழ்த்தேன். கோட்டம் எடுக்கும்போது பாய் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார். கம்பியை விரலால் சுண்டுவார், ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுரத்தில் பேச வேண்டும். பின்சக்கரத்தில் பல்சக்கரப் பக்கம் மட்டும் சுரம் ஏறியிருக்கும். அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் அதிக இறுக்கம் தேவை.

பிரேக் விஷயத்தில் பாய்க்கே கொஞ்சம் குழப்பம் வந்தது. முதலில் வீ-பிரேக் மாட்டினேன், மலை சைக்கிள்களில் வருமே, அது. வளைந்த ஹேண்டில்பாரில் இருக்கும் ரோடு லீவர் இழுக்கிற கேபிள், வீ-பிரேக் கேட்பதில் ஏறத்தாழ பாதிதான். லீவர் ஹேண்டிலைத் தொட்டது, சக்கரம் சாவகாசமாகச் சுற்றியது. கழற்றிவிட்டுப் பழைய கேன்டிலீவர் போட்டேன். பிரேக்கின் இரண்டு கைகளையும் இணைக்கிற குறுக்குக் கம்பியைத் தாழ்த்தினால் பிடி கூடும். ரொம்பத் தாழ்த்தினால் டயர் கொட்டையில் உரசும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் போயிற்று.

முன்னால் 38 பல் உள்ள பல்சக்கரம் ஒன்றே ஒன்று. பின்னால் 11லிருந்து 32 வரை எட்டு அடுக்கு. டயர் 33 மில்லிமீட்டர். உலக சைக்கிள் சங்கமான யூசிஐ போட்டிக்கு அனுமதிக்கிற உச்ச அளவு அது. நான் எந்தப் போட்டிக்கும் போகப் போவதில்லை, பிரேமில் 38 மில்லிமீட்டர் வரை நுழையும். ஆனாலும் ஒரு வீம்பு.

இன்னொரு தப்பும் தெரிந்தே செய்தேன். குழந்தைகளை உட்கார வைப்போமே அந்தப் பார், அதற்கு அடியில்தான் இந்த பிரேமில் பின் பிரேக் கேபிள் ஓடுகிறது. பந்தய சைக்கிளில் மேல்பக்கமாக ஓடும், தூக்கும்போது தோளை அறுக்காது. மாற்ற வேண்டும் என்றால் கொக்கிகளை எடுத்துப் பற்றவைக்க வேண்டும், புதுப் பெயிண்ட் போய்விடும். விட்டுவிட்டேன்.

மீன் மார்க்கெட்டில் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தோம். 11 கிலோ 600. “வஞ்சிரமா இருந்தா நல்ல காசு” என்றார் தராசுக்காரர்.

நாளை முதல் ஐந்து நாள் விடுப்பு. தினமும் ராத்திரி எழுதிப் போட உத்தேசம்.

தை 5. தேவனாம்பட்டினம், பெண்ணையாறு

காலை ஐந்தரைக்கே தேவனாம்பட்டினம் கடற்கரை. டயரில் 45 பவுண்டு காற்று. உலர்ந்த மணலில் நுழைந்த நாலாவது மிதியில் முன்சக்கரம் கலப்பை மாதிரி இறங்கியது, நான் ஹேண்டிலுக்கு மேலே போனேன். 35க்கு இறக்கினேன். பிறகு 28. அப்போதுதான் டயர் பரந்து மணல்மேல் மிதந்தது. மணலில் ஹேண்டிலோடு மல்லுக்கட்டக் கூடாது. உடம்பைப் பின்னால் தள்ளி, கையைத் தளரவிட்டு, லேசான கியரில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் போச்சு. வலை சரிசெய்துகொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஈர மணல்ல ஓட்டலாமே சார், அது ரோடு மாதிரி இருக்கும்” என்றார். அது எனக்கும் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

இறங்குகிற வித்தைதான் வரவே இல்லை. ஓடுகிற சைக்கிளில் வலது காலைப் பின்னால் வீசி இடப்பக்கம் கொண்டுவந்து, இடது பெடலில் ஒற்றைக் காலில் ஒரு கணம் நின்று, அப்படியே ஓட்டமாக இறங்க வேண்டும். செயின் வலப்பக்கம் இருப்பதால் எப்போதும் இடப்பக்கம்தான் இறங்குவது. வீடியோவில் பெல்ஜியக்காரர்கள் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இறங்குகிறார்கள். நான் ஒன்பது முறை முயன்றதில் ஏழு முறை நின்ற பிறகே இறங்கினேன். மற்ற இரண்டைப் பற்றி வேண்டாம்.

கெடிலம் கடலில் சேருமிடத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி இதை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது போட்ட ஒப்பந்தம் வேடிக்கையானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டுகிற தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. சுடுவதற்காக நல்ல பீரங்கியாகத் தேடிப்பிடித்து வைத்தார்களாம். அந்தக் குண்டுதான் இன்றும் குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று ஊர்ப் பெயரிலும் தெருப் பெயரிலும் கிடக்கிறது. கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துப்போட்டார். பெயர் மட்டும் விழுந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. கோட்டைப் பக்கமிருந்து தாழங்குடா வழியாகக் குண்டு உப்பலவாடிக்கு மண் பாதையிலேயே ஓட்டினேன். குண்டுக்குச் சில விநாடி ஆகியிருக்கும். எனக்கு இரண்டு தடவை வழிகேட்ட நேரத்தையும் சேர்த்து நாற்பது நிமிஷம்.

தை ஐந்து ஆற்றுத் திருவிழா என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. பெண்ணையாற்றுக்கு வந்தால் ஆற்று மணல் முழுக்க ஜனம். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்திருக்கின்றன. ராட்டினம், பொரி, வளையல் கடை, குவியல் குவியலாகச் சுருளிக் கிழங்கு. மணலில் சைக்கிளை உருட்டவும் முடியாது. வேறு வழியில்லாமல் தோளில் ஏற்றினேன். நான்கு மாதம் படித்த சைக்ளோகிராஸை முதன்முதலாக உருப்படியாகச் செய்தது ஒரு மாரியம்மன் ஊர்வலத்துக்குப் பின்னால்தான். பாதுகாப்புக்கு நின்ற காவலர், “என்ன சார், ரிப்பேரா?” என்று அக்கறையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கினால் பொழுது போய்விடும்.

கிழங்கு ஒரு கிலோ வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனதில் இன்றைய அலைச்சலுக்கு மன்னிப்பு கிடைத்தது.

தை 6. பரங்கிப்பேட்டை

தெற்கே. சிப்காட் புகையைத் தாண்டியதும் சிதம்பரம் சாலையை விட்டு இடப்பக்கம் கடலோர ஊர்களுக்குள் இறங்கிவிட்டேன். சித்திரைப்பேட்டை, தம்மனாம்பேட்டை, அய்யம்பேட்டை, சாமியார்பேட்டை. பேட்டைக்குப் பேட்டை தார் ரோடு உண்டு. ஆனால் நான் தார் ரோட்டுக்காகச் சைக்கிள் கட்டவில்லையே. சவுக்குத் தோப்புகளுக்கு உள்ளே போகிற வண்டித்தடத்தில் போனேன். சவுக்கு ஊசி இலை மெத்தையாகக் கிடக்கிற இடத்தில் சைக்கிள் பட்டில் போகிறது. வெயில் படுகிற இடத்தில் மணல், முழங்கால் ஆழம். 33 மில்லிமீட்டர் வீம்பை இங்கே திட்டிக்கொண்டேன். முப்பத்தெட்டு போட்டிருந்தால் பாதி இடத்தில் மிதந்திருப்பேன். யூசிஐ அதிகாரி யாரும் சாமியார்பேட்டையில் நிற்கவில்லை.

ஆகவே தூக்கல். நூறு அடி ஓட்டம், இருநூறு அடி தூக்கல். பத்து மணிக்கெல்லாம் பிரேக் கேபிள் தோளில் கோடு போட்டுவிட்டது. சட்டையைத் தாண்டித் தோலையும் வழித்திருந்தது. தோப்பு முடிகிற இடத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தோளை ஊதிக்கொண்டிருந்தபோது, மீன்கூடையோடு ஒரு அக்கா வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

“வண்டி ஓடலியா தம்பி?”

“ஓடும் அக்கா. மணல்ல ஓடாது.”

“அதுக்கு வெறுந்தோள்லயா தூக்குவாங்க? சும்மாடு கட்டத் தெரியாதா?”

என் கழுத்திலிருந்த துண்டை வாங்கினார். நான்காக மடித்து, முறுக்கி, வட்டமாகச் சுருட்டி, நுனியை உள்ளே சொருகினார். தலைக்கு வைக்கிற அதே சும்மாடுதான். அதைத் தோளில் வைத்துப் பார்த்தார், வழுக்கியது. கொஞ்சம் யோசித்துவிட்டு அவிழ்த்து, சைக்கிள் பாரிலேயே இறுக்கிச் சுற்றி, கேபிளையும் உள்ளே வைத்து முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தேன், கேபிள் துண்டுக்குள் தாராளமாக ஓடியது, பிரேக் பிடித்தது. மூன்று மாதம் நான் தள்ளிப்போட்ட வேலை மூன்று நிமிஷத்தில் முடிந்தது. மீன் வாங்கட்டுமா என்று கேட்டேன். “எங்க வெச்சு எடுத்துட்டுப் போவே?” என்று சிரித்துவிட்டு நடந்தார்.

சாமியார்பேட்டையில் டீ குடிக்கும்போது ஒரு பெரியவர், 2004 சுனாமிக்கு முன்னால் தன் வீடு இருந்த இடத்தைக் கையால் காட்டினார். அங்கே இப்போது மணல்தான். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதுப்பேட்டை, அன்னங்கோயில் வழியாக மாலை நான்குக்குப் பரங்கிப்பேட்டை. வெள்ளாற்று முகத்துவாரம். ஹைதர் அலியை ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்கடித்த 1781ஆம் வருஷப் போரால் இந்த ஊர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு இந்த ஊரில் வேறொருவர் நினைவு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்று ஒரு வெள்ளைக்காரர். கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830 வாக்கில் இங்கே இரும்பாலை வைத்தார். சேலத்து இரும்புத் தாது, காட்டு மரக்கரி. ஆலை நிலைக்கவில்லை. அப்புறம் இங்கிலாந்து திரும்பி, உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் எஃகு நன்றாக வரும் என்று கண்டு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெபீல்டு முதலாளிகள் அந்த முறையில் காசு பார்த்தார்கள், ஹீத் வழக்காடியே ஓய்ந்தார். என் பிரேம் குரோமோலி. பெயரில் குரோமியமும் மாலிப்டினமும்தான், ஆனால் கலவையில் மாங்கனீசும் கொஞ்சம் உண்டு. ஆற்றங்கரையில் சைக்கிளைச் சாய்த்துவைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். துண்டோடு சேர்த்துத்தான்.

தோள் எரிகிறது. தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறேன்.

தை 7. வடலூர்

இன்று சுருக்கம்தான். பெருமாள் ஏரிக்கரை. நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீரும் வந்து சேர்கிற ஏரி. தை மாசத்தில் ததும்பி நிற்கிறது. கரைமேல் மாட்டுத்தடம், ஒரு பக்கம் நீர்க்கோழி, இன்னொரு பக்கம் அறுவடைக்கு நிற்கிற நெல். இதற்காகவே கட்டிய சைக்கிள் என்று நினைத்துக்கொண்டே போனேன். நினைத்திருக்கக் கூடாது.

மணலுக்காகக் குறைத்த காற்றை ஏற்ற மறந்திருந்தேன். 28 பவுண்டோடு ஒரு கருங்கல் விளிம்பில் இடித்ததும் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை. பல் பதிந்த மாதிரி ஜோடியாக இருப்பதால் இதைப் பாம்புக்கடி என்பார்கள். வீட்டிலிருந்து போன் வந்தது. “தாமதமாகும், பாம்புக்கடி” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து வயலிலிருந்து மண்வெட்டியோடு ஒருவர் ஓடிவந்தார், பின்னால் இன்னொருவர் கயிற்றோடு. டியூபைக் காட்டி விளக்குவதற்குள் போன் துண்டித்துப்போய், வீட்டில் வேறு ஒரு கலவரம். ஒட்டுப் போட்டு முடிக்கும்வரை அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். காற்று அடித்துக் கொடுத்தது அவர்கள்தான்.

மத்தியானம் வடலூர் தருமச்சாலையில் சாப்பாடு. வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. சேற்றுக் காலோடு உள்ளே போகத் தயங்கினேன். குழாயைக் காட்டினார்கள். சைக்கிளைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த மூன்று நாளில் அப்படி ஒரு இடம் இதுதான். இரண்டாம் முறை சோறு வாங்கினேன். இங்கேயே தங்கல்.

தை 8. முந்திரிக் காடு

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாளை வைத்துக்கொள்ளச் சொன்னால் இன்றைய நாளைத்தான் எடுப்பேன்.

வடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் பெரிய ரோடு இருக்கிறது. காடாம்புலியூர்ப் பக்கம் அதை விட்டு முந்திரித் தோப்புகளுக்குள் நுழைந்தால் வேறு உலகம். செம்மண். காலைப் பனியில் நனைந்து இறுகியிருந்தது. டயர் கொட்டைகள் கடித்துப் பிடித்தன, மூன்று மாதத்தில் முதல் தடவையாக. முந்திரிக் கிளைகள் தரையோடு தாழ்ந்து பரவும், ஆகவே பாதை நேராகப் போகாது. இந்த மரத்தைச் சுற்றி, அந்த மரத்துக்கு அடியில் குனிந்து, வேலிப் படலைத் தாண்டி. பூவெடுக்க ஆரம்பித்திருக்கிறது, தோப்பு முழுக்க ஒரு மெல்லிய வாசனை. காய்ந்த முந்திரி இலை சக்கரத்துக்கு அடியில் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. 35 பவுண்டு காற்று இந்த மண்ணுக்குச் சரியாக இருந்தது, குறித்துவைத்துக்கொண்டேன்.

முதல் வளைவில் செயின் கழன்றது. முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் போட்டால் செயினைத் தடுக்க ஏதாவது வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார், பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். நாள் முழுக்க நாலு தடவை கழன்றது. கறை பட்ட கையை இலையில் துடைத்துக்கொண்டு போனேன்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறியபோது இந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒரு ராத்திரியில் இரண்டு தலைமுறை உழைப்பு போயிற்று என்று இங்கே இன்றும் சொல்வார்கள். இப்போது நிற்பவற்றில் பல அதற்கப்புறம் வைத்தவை. எந்த மரத்தைக் காட்டினாலும் “இது தானேக்கு முந்தி”, “இது தானேக்குப் பிந்தி” என்று வயது சொல்கிறார்கள். கணக்குக்கு வருஷமே வேண்டியிருக்கவில்லை.

ஒரு தோப்பில் வெட்டிப்போட்ட மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே கிடந்தது. கையால் அளந்தேன், ஒரு முழத்துக்கு நாலு விரல் குறைவு. பந்தயப் பலகை உயரம்! காவலுக்கு இருந்த தாத்தாவிடம் கேட்டுவிட்டு அரை மணி அங்கேயே பழகினேன். ஏறுவது வந்துவிட்டது. ஓடிக்கொண்டே எம்பி, தொடையின் உட்பக்கம் சீட்டில் விழும்படி ஏறிக் காலைப் பெடலுக்கு விட வேண்டும். இறங்குவது இன்னும் தகராறு. வலது காலை வீசியதும் இடது கால் பெடலில் நிற்கப் பயப்படுகிறது. பத்துக்கு மூன்று தேறியது. “எதுக்குத் தம்பி திரும்பத் திரும்ப அதே மரத்தத் தாண்டுறே, அந்தப் பக்கம் என்ன இருக்கு?” என்றார் தாத்தா. கம்மங்கூழ் கொடுத்தார். பச்சை மிளகாயோடு.

பண்ருட்டியில் பலா இன்னும் பிஞ்சு. திருவதிகைக் கோயில் கோபுரத்தை வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டு, நெல்லிக்குப்பம் வழியாக இருட்டுவதற்குள் வீடு.

தை 9. பாகூர், அரிக்கமேடு, மறுபடி முதுநகர்

கடைசி நாள், புதுச்சேரிப் பக்கம். முள்ளோடை எல்லையில் வழக்கமான கடைகள், வழக்கமான கூட்டம். விலகிப் பாகூர் ஏரிக்குப் போய்விட்டேன். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஒரு வித்தியாஸ்தானம், அதாவது கல்லூரி, இருந்ததையும் அதற்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கன் ஊர்களை விட்டுக்கொடுத்ததையும் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. ஏரிக்கரையில் களிமண். இரண்டு நிமிஷத்தில் சக்கரத்தில் சேறு அப்பிக்கொண்டது. ஆனால் சந்து அடைக்கவில்லை, சக்கரம் நிற்கவில்லை. காயலான் கடை வாசலில் வைத்துப் பார்த்த கட்டைவிரல் பொய் சொல்லவில்லை.

அரியாங்குப்பத்து ஆற்றோரம் அரிக்கமேடு. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரியோடு நடந்த வணிகத்தின் மண்பாண்டங்களை அடையாளம் சொன்ன இடம். மாந்தோப்பும், செங்கல் சுவர் மிச்சமும், ஆறும். அங்கே ஓட்டவில்லை. கால் வைக்கிற இடத்தில் ஓடும் மணியும் கிடக்கிற மண்ணில் கொட்டை டயரை விட மனம் வரவில்லை. உருட்டிக்கொண்டு நடந்தேன்.

புதுச்சேரிக்குள் போய் ஒரு காபி. பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் கிளம்பும்போது பெத்தாங்கை விட்டுவிட்டுப் போனார்கள், இரும்புக் குண்டு உருட்டி ஆடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சைக்ளோகிராஸை மட்டும் ஏன் விடவில்லை என்று தெரியவில்லை. இங்கே குளிர்காலம் இல்லை என்பதாலோ என்னவோ.

திரும்பும்போது பின் பிரேக்கில் ‘கரக் கரக்’. மணலும் சேறும் ரப்பர் கட்டையைத் தின்றிருந்தன. முதுநகர் வந்ததும் நேராகப் பாய் கடை. அவர் சைக்கிளைச் சுற்றிவந்தார். பாரில் கட்டிய துண்டைத் தொட்டு, “இது யாரு போட்டது?” என்றார். சொன்னேன். “நல்ல முடிச்சு” என்றார். கம்பிகளைச் சுண்டிப் பார்த்தார். பின்சக்கரத்தில் ஒன்றுதான் சுரம் இறங்கியிருந்தது.

“ஒரு ரவுண்டு பாக்கட்டுமா?”

லுங்கியை மடித்துக் கட்டினார். இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை இரண்டு உந்து உந்தி, காலைப் பின்னால் வீசி ஏறினார். தெருமுனை வரை போனார், திரும்பினார். வரும்போது வேகம் குறையவில்லை. கடைக்கு இருபது அடி முன்னால் வலது காலைச் சீட்டுக்குப் பின்னால் வீசி, இடது பெடலில் ஒற்றைக் காலில் நின்றபடியே மிதந்து வந்து, அப்படியே நாலு எட்டு நடையாக இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். தண்ணீர் ஊற்றின மாதிரி.

“பிரேக் கட்டை போச்சு. நாளைக்குக் கொண்டா, மாத்திடலாம்.”

“பாய், இன்னொரு தடவை இறங்கிக் காட்டுங்க.”

“எதுலேருந்து?” என்றார்.